சுவர் படித்த பாடம்

பேய்க்கதை என்றாலே பாதி ராத்திரி, அடைமழை, நாய் ஊளை என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்லப்போவது நடந்தது பட்டப்பகலில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். இடம், மூடிக்கிடந்த ஒரு ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் வார்டு. கூட இருந்தவன் என் தம்பி. அவனைப் பார்த்து ஒருநாள் நான் நடுங்குவேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன்.

தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் ரெடிமேட். எதையும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளமாட்டான். தைத்து வைத்த சட்டையை வாங்கி மாட்டுவதுபோல அறிவையும் மாட்டிக்கொள்ளலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. 'ஏழே நாளில் கிடார்', 'தூங்கிக்கொண்டே ஜெர்மன்', எல்லாம் வாங்கியாயிற்று. கிடார் பரணில் இருக்கிறது. தூக்கம் மட்டும்தான் அவனுக்கு முழுசாக வந்தது.

அப்பேர்ப்பட்டவன் ஒரு ஒலிப்பதிவுக் கம்பெனியில் போய், சிக்னல் ப்ராசஸிங் தலைகீழ்ப் பாடம் என்று புளுகி வேலையில் சேர்ந்துவிட்டான். பழைய கட்டடங்களின் எதிரொலியைப் பிடித்து விற்கிற கம்பெனி அது. சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது. பெரிய கூடத்தில் ஒரு பலூனை வெடித்து, அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி அடங்குவதைப் பதிவு செய்துவிட்டால் போதும். அப்புறம் அலமாரிக்குள் உட்கார்ந்து பாடியவன் குரலைக்கூட அந்தக் கூடத்தில் நின்று பாடிய மாதிரி ஆக்கிவிடலாம். நடுவில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஃபூரியே மாற்றம் என்பார்கள். ஒரு சத்தத்துக்குள் எந்தெந்தச் சுருதி எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற கணக்கு.

கம்பெனி முதலாளிக்கு நான் வைத்த பேர் பெரிய காது. "எனக்குப் பிறவியிலேயே காது சார்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற ஆள். அந்தக் காது ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுவிட்டு, "என்ன ஒரு ஆழம்!" என்று கண்ணை மூடிக்கொள்ளும். அந்த ஆள்தான் வார்டை வாங்கி ஸ்டுடியோவாக மாற்றப்போகிறார். சுவரெல்லாம் சத்தத்தைக் குடிக்கிற ஃபோம் பலகை ஒட்டுவதற்கு முன்னால் வார்டின் எதிரொலியை ரெடிமேட் பிடித்துக் கொடுக்கவேண்டும். அதை எப்படிப் பிடித்தான் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் விளக்கவும் வேண்டும். விளக்கினால் வேலை நிரந்தரம். உளறினால் வாசல்.

வேலை போனால் வேலையோடு நிற்காது. அவன் மனைவி எனக்கு போன் பண்ணியிருந்தாள்.

"அண்ணி, இந்த வேலையும் போச்சுன்னா நான் பாப்பாவைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் திக்கென்றது.

நான் காதுக்கருவி செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். இந்தக் கணக்கில்தான் என் சாப்பாடு. அதனால் நம்ம ரெடிமேட் துரை என்னிடம் வந்தார்.

"அக்கா, இந்த ஃபூரியே எல்லாம் எஃபிஷியன்ட்டா எப்படிக் கத்துக்கறது? சுருக்கமா சொல்லேன்."

"சுருக்கமா சொன்னா, உன்னால முடியாது."

இருந்தும் போனேன். தம்பியாயிற்றே, எந்தக் குப்பைத்தொட்டியில் போடுவது?

வார்டுக் கதவைத் திறந்ததும் பழைய பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, ரொம்ப நாள் மூடிவைத்த பெட்டிக்குள் ஈரத்துணி இருந்தால் வருமே, அது. நீளமான கூடம். கட்டில்கள் போய்விட்டன, அவற்றின் கால்கள் அழுத்திய பள்ளங்கள் மட்டும் தரையில் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு சின்ன அறை, கதவில்லாமல், உள்ளே இருட்டு.

பதிவு செய்யும்போது வெளிச்சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்திக் கம்பளி தொங்கவிட்டோம். டியூப் லைட் ரீங்கரிக்கும், அதனால் அதையும் அணைத்தோம். நடுப்பகலில் அந்தக் கூடம் கிணற்றின் அடிபோல ஆனது. லேப்டாப் வெளிச்சத்தில் தம்பியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

முதல் பலூனை வெடித்தான்.

சத்தம் போய்க்கொண்டே இருந்தது. சுவருக்குச் சுவர் மோதி, தேய்ந்து, அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்து, அங்கே அடங்கியது. உண்மையிலேயே நல்ல எதிரொலிதான். பெரிய காதுக்கு இதை அனுபவிக்கிற யோக்கியதை இல்லை.

"இப்ப பாடம். கேளுடா. பெரிய கூட்டத்துல ஒருத்தனைத் தேடணும், என்ன பண்ணுவ?"

"பேரைச் சொல்லிக் கத்துவேன்."

"அவ்வளவுதான் ஃபூரியே. இந்தச் சத்தத்துக்குள்ள ஒரு சுருதி இருக்கான்னு தெரியணும்னா, அந்தச் சுருதியோட அலையை எடுத்து இதோட பெருக்கு. வர்றதையெல்லாம் கூட்டு."

"பெருக்கிக் கூட்டணுமா? அது வீட்டு வேலையில்ல?"

"அதையும் நீ செஞ்சதில்லையே! சுருதி உள்ள இல்லேன்னா, ஏறினதும் இறங்கினதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சைபர் வரும். இருந்துச்சுன்னா..." தூசி தொண்டையில் சிக்கி இருமினேன். "இருந்துச்சுன்னா, கூட்டக் கூட்ட வளரும். இல்லாதவன் திரும்பிப் பார்க்கமாட்டான். இருக்கறவன் திரும்பிப் பார்ப்பான்."

எட்டு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எஃபிஷியன்ட்டாகக் கற்றுக்கொள்ள ஒரே வழி அதுதான். ஒரு சின்னக் கணக்கைக் கையால் போடவேண்டும், தப்புப் போடவேண்டும், அழித்து மறுபடி போடவேண்டும். வீடியோ பார்ப்பது அடுத்தவன் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி; நம் வயிறு நிறையாது. தம்பி தாளை வாங்கினான், இரண்டு எண்ணைப் பெருக்கினான், கொட்டாவி விட்டான்.

"அக்கா, இதுக்கு ஆப் இருக்கு."

"உன் தலைக்குள்ள மூளை இருக்கவேண்டிய இடத்துல என்னடா இருக்கு? அதுவும் ஆப்பா?"

சரி, வேலையாவது நடக்கட்டும் என்று அடுத்ததைச் சொன்னேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப பலூன் வெடிக்கவேண்டும். எல்லாப் பதிவுகளையும், வெடித்த அந்த நொடி ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மாதிரி அடுக்கி, சராசரி எடுக்கவேண்டும். இரைச்சல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும், அதனால் கரைந்துவிடும். எல்லாத் தடவையும் மாறாமல் இருப்பது மட்டும் மிஞ்சும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

வெடித்தான். வெடித்தான். வெடித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை என்பதால் உற்சாகமாகச் செய்தான். நான் அடுக்கிச் சராசரி எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

வெடி. எதிரொலி. தேய்ந்தது, தேய்ந்தது, அடங்கப்போகிற இடத்தில் ஏதோ முணுமுணுத்தது.

"பதிவு ஓடும்போது எதுக்குடா பேசற?"

"நான் எங்க பேசினேன்?"

"பொய் சொன்னா பல்லைப் பேத்துடுவேன். கேளு!"

ஹெட்போனை வாங்கிக் கேட்டவன் முகம் தொங்கிப்போயிற்று. திரையில் அந்த முணுமுணுப்பைச் சுருதி சுருதியாகப் பிரித்துப் பார்த்தேன். சம இடைவெளியில் கோடுகள், சீப்பின் பற்கள்போல. காற்று இப்படிக் கோடு போடாது. குழாய்த் தண்ணீர் போடாது. இப்படிக் கோடு போடுவது தொண்டை.

"இரு. மறுபடி பிடிப்போம்."

இந்தத் தடவை அவன் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். என் உதட்டைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டேன். பலூனை அவன் வெடிக்க, ஒவ்வொரு முறையும் அவன் மூச்சு என் விரலில் சூடாகப் பட்டது. அவன் பேசவில்லை. அதற்கு நான் சாட்சி.

சராசரி எடுத்தேன். கேட்டேன்.

வெடி. எதிரொலி. அடங்கும் இடத்தில், தூசி படிந்த ஒரு குரல். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்லமுடியாத குரல்.

"பெருக்கு... வர்றதையெல்லாம் கூட்டு..."

 என் சுபாவம் ஒன்று உண்டு. பயம் வந்தால் வாய் நீளும். எதிரே தம்பி, சுவரில் ஒண்டிய பல்லிபோல உட்கார்ந்திருந்தான். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எரிச்சல் தலைக்கேறியது.

"பார்றா! ஒரு செங்கல் சுவரு, ஒரே தடவை கேட்டுட்டுப் பாடத்தைப் பிடிச்சுக்கிச்சு. நீ கத்துக்கமாட்ட, ஜென்மத்துக்கும் கத்துக்கமாட்ட. உன்னை இங்கயே விட்டுட்டு, உனக்குப் பதிலா இதைக் கூட்டிட்டுப் போய் உன் முதலாளி முன்னாடி நிறுத்தலாம்!"

சொன்னது முழுவதும் கூடத்தைச் சுற்றி வந்தது. கடைசி வார்த்தை அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தது.

அடங்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"போதும் அக்கா, கிளம்பலாம்" என்றான் தம்பி. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "அந்தக் கடைசி மைக்கை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

கடைசி மைக் சின்ன அறை வாசலில் இருந்தது. செருப்புச் சத்தம் இருட்டுக்குள் போனது. நின்றது.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். கேபிளை அழகாக, வட்டம் வட்டமாகச் சுற்றி, முனையைக் கட்டியிருந்தான். முழங்கையில் கன்னாபின்னா என்று சுற்றி முடிச்சுப் போடுகிறவன்! 'பயத்திலாவது புத்தி வந்ததே' என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

விளக்கம் கொடுக்கிற நாளில் நானும் போயிருந்தேன், மானம் போவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று. மானம் போகவில்லை. ரெடிமேட் நிமிர்ந்து நின்று, தங்குதடையில்லாமல் பேசினான். "பெரிய கூட்டத்துல ஒருத்தனைத் தேடணும், என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தான். பெருக்கல், கூட்டல், சைபர், சராசரி, எல்லாம் வரிசையாக வந்தன. வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள். பெரிய காது கண்ணை மூடிக்கொண்டு ரசித்தது.

"இருந்துச்சுன்னா..." என்றவன் நிறுத்தி, இருமினான். "இருந்துச்சுன்னா, கூட்டக் கூட்ட வளரும்."

அந்த இருமல்.

அறை குளிரூட்டப்பட்ட, துடைத்துவைத்த அறை. தூசியே கிடையாது. அவன் இருமியது என் இருமல். அதே இடத்தில், அதே நீளத்தில்.

அங்கேயே வேலை நிரந்தரம் என்று அறிவித்தார்கள். அவன் மனைவி போனில் சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். "அண்ணி, என்ன மாயம் பண்ணினீங்க? காலையில சொல்லாமலே எழுந்துக்கறார். துணியை மடிச்சு வைக்கறார். பாப்பாதான் அவர்கிட்ட போகமாட்டேங்குது. அது பழகிடும்."  நல்லது என்று மட்டும் சொன்னேன்.

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. காதுக்கருவி ஒன்றைச் சோதிக்கணும் என்று அவனை என் வேலை இடத்துக்கு வரச்சொன்னேன். அங்கே ஒரு சோதனை அறை இருக்கிறது. சுவர், கூரை, கதவு எல்லாம் பஞ்சு. உள்ளே போய்ப் பேசினால் வார்த்தை உதட்டிலேயே செத்துவிடும். சின்ன எதிரொலிகூட உயிர்பிழைக்காது. அவனை உள்ளே உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன்.

"பாடம் நல்லா ஏறிடுச்சு போல. ஒண்ணு கேக்கறேன். எதுக்காகக் கூட்டறோம்? பெருக்கினதோட விட்டா என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். கண் சிமிட்டவில்லை.

"வர்றதையெல்லாம் கூட்டு" என்றான். "சுருதி உள்ள இல்லேன்னா சைபர் வரும். இருந்துச்சுன்னா..." இருமினான். "கூட்டக் கூட்ட வளரும்."

"அது தெரியும். ஏன்னு கேட்டேன்."

"வர்றதையெல்லாம் கூட்டு."

அதற்குள் எனக்கு வேறொன்று புரிந்துவிட்டது. அவன் வாயை மூடிய பிறகும் அவன் குரல் அடங்கவில்லை.

கூட்டு... ட்டு... ட்டு...

பஞ்சுச் சுவருக்குள், இரண்டு ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடுகிற அறைக்குள், நீளமான ஒரு கூடம் எதிரொலித்தது. பினாயில் வாசனை வந்தது. அடியில் அந்த ஈரத்துணி வாசனை.

 உட்கார்ந்தபடியே, "என் தம்பி எங்க?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அது சிரித்தது. தம்பியின் முகம்தான், தம்பியின் பல்தான். அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"உன்னை இங்கயே விட்டுட்டு," என்றது, என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, "உனக்குப் பதிலா இதைக் கூட்டிட்டுப் போய்..."

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேயே விழுந்தது.

வார்டுக்குப் போனபோது ஃபோம் ஒட்டுகிறவர்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் பாதி கறுப்பாக மூடியிருந்தது. அளவு எடுக்கணும், சத்தம் கூடாது என்று அதிகாரமாகச் சொல்லி அவர்களை டீ குடிக்க அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு ஓங்கிக் கைதட்டினேன்.

எதிரொலி போனது. தேய்ந்தது. தேய்கிற இடத்தில்...

"அக்கா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான். கொட்டாவியும் சோம்பலும் கலந்த அந்தக் கழுதையின் குரல், அவன்தான். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. என் பிள்ளைப்பருவம் முழுக்க இவனைத் திட்டியே கழித்தவள் நான். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மறுபடி தட்டினேன். எதிரொலி உயிரோடு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனால் பேசமுடியும் என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அடங்கினால் அவனும் நின்றுவிடுவான். ஒரு தட்டுக்கு ஒரு வாக்கியம்.

"எப்படிடா வெளிய வர்றது?"

தட்டினேன்.

"தெரியல அக்கா... அது பாடம் கத்துக்கிட்டுப் போச்சு... நானும் கத்துக்கிட்டா..."

விதியைப் பாருங்கள். உலகத்தில் எத்தனையோ சாபம் இருக்க, என் தம்பி தப்பிக்க ஃபூரியே மாற்றம் கற்றுக்கொண்டாக வேண்டும்!

வேலைக்கு லீவு போட்டேன். காலையில் ஃபோம்காரர்கள் வருவதற்கு முன்னால் போவேன், மதியம் அவர்கள் சாப்பிடும்போது போவேன். தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிப்போனது. அப்புறம் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துத் தட்டினேன். எட்டு எண்களை உரக்கச் சொல்வேன். அவன் மனசிலேயே பெருக்குவான், தப்பாகக் கூட்டுவான். மறுபடி சொல்வேன். வாய்வரை வந்த "மடையா"வை விழுங்கிக்கொண்டு சொல்வேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சுவரும் மூட மூட எதிரொலி சுருங்கியது. வாக்கியம் பேசியவன் இரண்டு வார்த்தை பேசினான். அப்புறம் ஒரு வார்த்தை.

பெரிய காதிடம் போய், ஃபோமை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அந்த எதிரொலி அபூர்வமானது, அழிக்காதீர்கள் என்று காரணம் சொன்னேன். "அதான் உங்க தம்பி பிடிச்சுக் கொடுத்துட்டாரே மேடம்" என்று சிரித்தார். தம்பி மனைவியிடம் போனேன். முழுசாகச் சொல்ல முடியவில்லை. "அது அவன் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"அவர் உருப்படாம இருந்தப்பவும் திட்டினீங்க. உருப்பட்டா அதையும் பொறுக்கலையா அண்ணி?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.  உள்ளே அறையில் பாப்பா அழுதுகொண்டிருந்தது. அதைச் சமாதானப்படுத்துகிற ஒரு குரல் கேட்டது. நீளமாக, அந்த வார்டுக் கூடத்தில் எதிரொலிப்பதுபோல.

கடைசிச் சுவர் ஒட்டுகிற நாள். நான் நடுக்கூடத்தில் பலகைத் துண்டோடு நின்றேன். ஃபோம்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டி, பார்க்காததுபோல வேலை செய்தார்கள். தட்டினேன்.

"க்..."

அவ்வளவுதான் வந்தது. அக்கா என்பதில் நடு எழுத்து.

வாசலில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. என் தம்பியின் உடம்பைச் சுத்தமாக வைத்திருந்தது, அதற்கு ஒரு பாராட்டு.

"விடு அக்கா" என்றது. "அவன் கத்துக்கமாட்டான், ஜென்மத்துக்கும் கத்துக்கமாட்டான்."

என் வாக்கியம். என் குரலின் அதே ஏளனம். அது என்னிடம் முழுசாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான் போலிருக்கிறது. மற்றதெல்லாம் மனப்பாடம். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு வேலை நிரந்தரம், பாராட்டு, பதவி! தப்புத் தப்பாகப் போட்டு முட்டி மோதுகிறவனுக்கு இருட்டு.

"கத்துப்பான்" என்றேன்.

"கத்துக்கமாட்டான்."

"கத்துப்பான்டா! நீ வெளிய நில்லு, மனப்பாடப் புழுவே!"

கடைசிப் பலகையை அழுத்தி ஒட்டினார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு, என்னைச் சுற்றி ஒதுங்கி வெளியே போனார்கள். போகும்போது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தம்பியின் உடம்பில் இருந்த அது கதவுக்கு உள்பக்கமாக நின்றது.

தட்டினேன். சத்தம் என் காலடியிலேயே விழுந்து செத்தது.

மறுபடி தட்டினேன். ஒன்றுமில்லை.

நான்கு சுவரும் கறுப்பு, கூரையும் கறுப்பு. என் மூச்சே எனக்கு அந்நியமாகக் கேட்டது. எவ்வளவு கூட்டினாலும் இனி இங்கே சைபர்தான். பலகைத் துண்டு கையிலிருந்து நழுவியது. தம்பி போய்விட்டான் என்று முதல்தடவையாக நினைத்தேன். 

அப்போது, தட்டாமலே, என் இடது காதுக்குப் பக்கத்தில், உதட்டை வைத்துப் பேசுகிற நெருக்கத்தில்...

"அக்கா, ஒரு சந்தேகம்."

நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை.

"நீ தேடற அலையும் உள்ள இருக்கற அலையும் சேர்ந்து ஏறி இறங்காம, ஒண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னுச்சுன்னா? அப்பவும் பெருக்கிக் கூட்டினா சைபர்தானே வருது? நான் போட்டுப் பார்த்தேன். சைபர்தான் வருது. ஆனா ஆள் உள்ளதானே இருக்கான்?"

அந்தக் கேள்வியை நான் சொல்லித்தரவில்லை. ஒரே அலையை வைத்துத் தேடினால் போதாது, தள்ளி நிற்கிற இன்னொரு அலையையும் வைத்துத் தேடவேண்டும் என்பதை, இவனுக்கு எங்கே புரியப்போகிறது என்ற இளக்காரத்தில் விட்டுவிட்டேன். அவனே மனசுக்குள் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். இருட்டில் உட்கார்ந்து, என் மடையன்.

"ஆமாண்டா" என்றேன். கண்ணீர் வாய்க்குள் வந்தது. "உள்ளதான் இருக்கான்."

கதவருகே நின்றது வாயைத் திறந்தது. அதற்கு இந்தப் பாடம் தெரியாது. உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, என் இருமல் மட்டும் வந்தது. மறுபடியும் அதே இருமல்.

"அடுத்தது சொல்லு அக்கா" என்றான் என் காதுக்குள். நான் தரையில் உட்கார்ந்து, அந்த இன்னொரு அலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.